படகேறிப் பணியாரம் பார்க்கப் போனவன்

தந்தி வந்தபோது சீனிமுகம்மது இரண்டு காற்சட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, அதற்கும் மேலே ஒரு சாரத்தைச் சுற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். எண்பத்தோராம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். நோர்வே நாட்டின் வடக்கே, கடலோரத்துச் சின்ன ஊர் ஒன்றில் ஒரு பயிற்சி விடுதி. அந்த நாட்டவர்கள் அந்த மாதத்தைக் கோடைகாலம் என்று கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாய்ந்தமருதுக் கடற்கரை வெயிலில் முப்பத்துநாலு வருடம் காய்ந்தவனிடம் அந்தக் கதை எடுபடவில்லை.

ஊரில் அவன் ஐஸ் தொழிற்சாலை மெக்கானிக். மீன் ஏற்றும் லொறிகளுக்கு ஐஸ் கொடுப்பது அவனுடைய இயந்திரம்தான். புதிய இயந்திரம் ஒன்று நோர்வேயிலிருந்து வரப்போகிறது என்று மூன்று மாதப் பயிற்சிக்கு அவனை அனுப்பியிருந்தார்கள். கூட வந்தவர் காரைதீவுச் சிவக்கொழுந்து. மீனவர் சங்கங்களைப் பார்க்கிற உத்தியோகத்தர். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் புவியியல் படிப்பித்தவர். மனிதர் படிப்பிப்பதை விட்டுவிட்டார், ஆனால் மலை, ஆறு, மேகம் எதைக் கண்டாலும் வாய் தானாகத் திறந்துகொள்ளும். சீனிமுகம்மது அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவான்.

"மாஸ்டர், இதக் கொஞ்சம் பாருங்க. தமிழ இங்கிலீசு எழுத்தில எழுதியிரிக்கி. நான் வாசிச்சது சரியா எண்டு பாருங்க."

சிவக்கொழுந்து கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "றங்குப்பெட்டி உம்மா வீட்டில். பணியாரம் தின்று அங்கேயே இருக்கவும். சரீபா."

சரீபா என்பது அவனுடைய மாமி. மனைவி நதீராவின் தாய்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். வீடு பெண்ணுக்கு எழுதிக் கொடுப்பது. மாப்பிள்ளைக்குச் சொந்தமென்று அந்த வீட்டில் இருப்பது அவன் கொண்டுபோன றங்குப்பெட்டி ஒன்றுதான். அந்தப் பெட்டி திரும்பி அவன் உம்மா வீட்டுக்குப் போகிறதென்றால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஊரில் சின்னப்பிள்ளைக்கும் அது விளங்கும்.

சீனிமுகம்மதுவுக்கும் விளங்கியது. பெட்டி விளங்கியது. பணியாரம்தான் விளங்கவில்லை.

"நீங்க ஏதும் பணியாரம் கேட்டு எழுதின நீங்களா?" என்றார் சிவக்கொழுந்து.

"இல்ல மாஸ்டர். நான் இங்க மீனும் உருளைக்கிழங்கும்தானே தின்னுறன். அது ஒங்களுக்கே தெரியும்."

"அப்ப எங்கால வந்தது பணியாரம்?"

எங்கிருந்து வந்தது என்பதை நான் சொல்கிறேன். அவனுக்கு அது தெரியவர இன்னும் மூன்று மணித்தியாலம் இருக்கிறது.

மூன்று நாளைக்கு முன் அவன் ஊருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தான். அவர்கள் தெருவில் தொலைபேசி உள்ள ஒரே இடம் கச்சிமுகம்மது முதலாளியின் இரும்புக் கடை. நதீராவைக் கூப்பிடச் சொன்னால் முந்திக்கொண்டு வந்தது மாமி. கொழும்பு, கல்முனை என்று இரண்டு மூன்று இடத்தில் ஒட்டுப்போட்டு வந்த அந்த இணைப்பில் ஒவ்வொரு சொல்லும் பாதியாகத்தான் போய்ச் சேர்ந்தது. அன்றைக்குத்தான் மாஸ்டர் அவனுக்குப் புதுச் சொல் ஒன்று கற்றுக்கொடுத்திருந்தார். மலையுச்சியிலிருந்து ஐஸ் ஆறு மாதிரி மெதுவாக இறங்கிவருமாம், அதற்குப் பெயர் பனியாறாம். பயிற்சி கொடுக்கிற எஞ்சினியரின் மகள் இங்கர் அதைப் பார்க்க எல்லோருக்கும் படகுப் பயணம் ஒன்று ஒழுங்கு செய்திருந்தாள். புதுச் சொல் கிடைத்த சந்தோசத்தில் சீனிமுகம்மது அதை வாய் நிறையச் சொன்னான்.

"மாமி, வாற வியாழக்கிழம போட்டுல பனியாறு பாக்கப் போறம். எஞ்சினியர் தொரைட மகள்தான் எல்லாத்தயும் ஒழுங்கு பண்ணியிரிக்கா. நல்ல புள்ள. தகப்பனுக்கும் விருப்பம்தான்."

அத்தோடு இணைப்பு அறுந்தது. அவன் ஒரு குறையுமில்லாமல் றிசீவரை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான்.

அங்கே மாமியின் காதில் விழுந்தது பணியாரம். எங்கள் ஊரில் கலியாணம் பேசி முடிந்தால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் பணியாரம் போக வேண்டும். தொதல், மஸ்கற், கொக்கீஸ், அரியதரம் என்று இனிப்பு வகைகளைத் தட்டுத் தட்டாக அடுக்கி, மேலே வெள்ளைத் துணி போட்டு மூடிக்கொண்டு போவார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் பணியாரம் பார்க்க வருவார்கள். பார்த்துவிட்டு, தொதல் இறுகிப்போச்சு என்று குறை சொல்லிக்கொண்டு போவார்கள். தொரையின் மகள், நல்ல பிள்ளை, தகப்பனுக்கும் விருப்பம், பணியாரம். இதில் என்ன சந்தேகம் வேண்டிக்கிடக்கிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நதீராவைக் கலியாணம் முடித்து ஆறு வருடம். பிள்ளை இல்லை. இரண்டாவது ஒன்று முடித்தால் என்ன என்று அவன் பக்கத்து ஆட்களே வாயைத் திறந்ததுண்டு. அப்படிக் கேட்ட தன் சொந்தக் காக்காவோடு, கூடப்பிறந்த அண்ணனோடு, அவன் ஒரு வருடம் கதைக்கவில்லை. ஆனால் அந்தப் பயம் நதீராவின் வீட்டுக்குள் புகுந்து மூலையில் குந்திக்கொண்டது உண்மை.

தந்தியைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு சீனிமுகம்மது படகு ஏறினான். விடுதியில் இருந்து என்ன செய்வது என்று மாஸ்டர்தான் இழுத்துக்கொண்டு போனார். தொலைபேசி நிலையம் பதினொரு மணிக்குத்தான் திறக்குமாம். மாலையில் திரும்பிவந்து எடுக்கலாம் என்றார்.

வெள்ளை நிறப் படகு. இருபது முப்பது உல்லாசப் பயணிகள் இருந்தார்கள். இரண்டு பக்கமும் மலைகள் நேரே தண்ணீருக்குள் இறங்கியிருந்தன. ஊரில் கடல் என்றால் கரை தட்டையாக இருக்கும், தோணியை மணலில் இழுத்துப் போடலாம். இங்கே தோணியை எங்கே இழுப்பது? அந்தக் கேள்வி கொஞ்ச நேரம் அவனுடைய மனத்தைத் திருப்பியது. பிறகு நதீராவின் முகம் வந்தது. அவள் கோபித்தால் சத்தம் போட மாட்டாள். சோற்றை வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போவாள். அதைத் தாங்குவது கஷ்டம்.

"என்ன பிழை செஞ்சன் மாஸ்டர்? காசும் ஒழுங்கா அனுப்புறன். கடிதமும் போடுறன்."

"அந்தக் கடிதத்தில என்ன எழுதின நீங்க?"

"போன மாசம் அனுப்பின கடிதமா? இங்கத்த கம்பிரசரப் பத்தி நாலு பக்கம்."

சிவக்கொழுந்து ஒரு பெருமூச்சு விட்டார். "அதுக்காகப் பெட்டியத் தூக்கி வெளிய வெச்சா ஞாயம்தான்."

காற்று ஏறியது. இங்கர் வந்து, ஐயோ பாவம் என்கிற மாதிரிப் பார்த்து, தடித்த கம்பளித் தொப்பி ஒன்றைக் கொடுத்தாள். சீனிமுகம்மது அதைக் காது இரண்டும் மூடும்படி பிடரிவரை இழுத்துவிட்டான். படகு ஒரு மலையைச் சுற்றித் திரும்பியது. எல்லோரும் ஒரு பக்கமாக எழுந்து ஓடினார்கள். முன்னால் நின்ற சிவக்கொழுந்து இரண்டு கையையும் விரித்து, பன்னிரண்டு வருடம் படத்தில் காட்டியதை முதன்முதலாக நேரில் கண்ட சந்தோசத்தில் ஏதோ கத்தினார்.

"என்ன மாஸ்டர்?"

மாஸ்டர் திரும்பக் கத்தினார். கம்பளியும் காற்றும் கடந்து அது காதுக்குள் வந்தது.

"யார்ர பணியாரம்?" என்றான் சீனிமுகம்மது.

கேட்ட வாய் மூடவில்லை. தொப்பியைக் கழற்றினான். மாஸ்டர் மூன்றாம் முறை கத்தினார். "பனியாறு."

தொப்பியைப் போட்டான். "இன்னொருக்காச் சொல்லுங்க."

"பனியாறு."

பணியாரம். சத்தியமாகப் பணியாரம். சீனிமுகம்மது அப்படியே படகின் தட்டில் குந்திவிட்டான். தொரையின் மகள், நல்ல பிள்ளை, தகப்பனுக்கும் விருப்பம் என்று தான் சொன்னது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. தன் வாயாலேயே தனக்குக் கலியாணம் பேசி முடித்திருக்கிறான்.

மாமியிடம் சொன்னதை அவன் திருப்பிச் சொல்ல, சிவக்கொழுந்துக்கு விசயம் விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. விளங்கியதும் அவர் சிரிக்கக் கூடாது என்று நினைத்து, முடியாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். நேரே இங்கரிடம் போய் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னார். இங்கர் சிரிக்கவில்லை. அவனுடைய கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு கப்டனின் அறைக்குப் போனாள்.

அங்கே ஒரு ரேடியோ இருந்தது. அதிலிருந்து கரையில் உள்ள நிலையத்துக்குக் கதைத்தால் அவர்கள் தொலைபேசியில் இணைத்துத் தருவார்களாம். கதைக்கும்போது கையில் பிடிக்கிற கருவியின் பொத்தானை அமத்த வேண்டும், கேட்கும்போது விட வேண்டும். இரண்டும் ஒன்றாக நடக்காது. கப்டன் அதை மூன்று முறை செய்து காட்டினார். அழைப்புப் பதிந்து முக்கால் மணித்தியாலம் காத்திருந்தார்கள். அதற்குள் கல்முனையிலிருந்து கடைக்குத் தகவல் போயிருக்கிறது, நோர்வே அழைப்பு வருகிறது, வீட்டாரைக் கூப்பிட்டு வையுங்கள் என்று. தெருவில் பாதி கடைக்குள் நின்றது என்று பிறகு கேள்விப்பட்டான்.

மணி அடித்தது. இங்கர் நல்ல மனதோடு கருவியை முதலில் தானே வாங்கி, ஆங்கிலத்தில், "திருமதி நதீராவோடு பேச வேண்டும்" என்றாள்.

கச்சிமுகம்மது முதலாளியின் குரல் கரகரத்தது. "வெள்ளக்காரப் பொம்புள கதைக்கா. நதீராவக் கேக்கா."

"இஞ்ச தாங்க," என்றது இன்னொரு குரல். மாமி. "தங்கச்சி, நீ நல்லா இரி. ஒன்னில எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா எங்கட புள்ளட வாழ்க்கைய நீ பறிச்சியா, இல்லயா?"

ஒன்றும் விளங்காத இங்கர் மரியாதையாகச் சிரித்துக்கொண்டு, "யெஸ், யெஸ்," என்றாள்.

"ஓம் எண்டு சொல்றாளே," என்று அங்கே யாரோ சொன்னார்கள்.

சீனிமுகம்மது கருவியைப் பறித்தான். "மாமி, அது பணியாரம் இல்ல. நான் சொன்னது வேற. பனி, பனி. ஆறு."

விட்டான். "ஆறா?" என்றாள் மாமி. "ஆறு தட்டுப் பணியாரமா?"

அமத்தினான். "ஐயோ மாமி, ஐஸ். ஐஸ் ஆறு."

விட்டான். மாமி கடையில் நின்றவர்களுக்குச் சொல்வது தெளிவாகக் கேட்டது.

"பேர் ஐசாவாம். இஸ்லாத்துக்கும் வந்திட்டாளாம்."

ஆயிஷா என்கிற பெயரை எங்கள் ஊரில் ஐசா என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்கு அவன் என்ன செய்ய? கடைக்குள் யாரோ ஒரு பெரிய மனிதர், அப்படியென்றால் அது நல்ல விசயம்தானே என்று சொல்வதும் அதற்கு மாமி திருப்பிக் கொடுப்பதும் கேட்டது. பொத்தானை அமத்திக் கத்தினால் அவள் கதைப்பது கேட்காது. விட்டால் அவன் கத்துவது போகாது. மாமியோ இரண்டு நேரத்திலும் கதைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மலைக்கு மேலே இருந்த பனியாற்றின் நுனி உடைந்தது. ஒரு வீட்டளவு ஐஸ் பாறையில் விழுந்து, நொறுங்கி, தண்ணீருக்குள் இறங்கியது. படார் படார் என்று மலைகள் இரண்டும் திருப்பிச் சொல்லின. சீனிமுகம்மதுவின் விரல் அப்போது பொத்தானில் இருந்தது. சத்தம் முழுவதும் சாய்ந்தமருதுக்குப் போனது. வெளியே பயணிகள் எல்லோரும், பெண்கள்தான் அதிகம், வாயைத் திறந்து ஓவென்று கூவினார்கள்.

விரலை எடுத்தான்.

"கலியாண வெடி கொளுத்துறானுகள்," என்றாள் மாமி. அவளுடைய குரல் இப்போது உடைந்திருந்தது. "குரவையும் போடுறாளுகள். எல்லாம் முடிஞ்சி. எண்ட புள்ள மோசம் போயிட்டு."

சீனிமுகம்மதுவுக்கு அந்தக் கிழவியில் கோபம் வரவில்லை. அவளுடைய இடத்தில் தான் நின்றாலும் அப்படித்தான் நம்பியிருப்பான். சிவக்கொழுந்தும் இங்கரும் கப்டனும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகு கருவியில் வேறு ஒரு குரல் வந்தது. மெதுவான குரல்.

"இஞ்சாருங்க. அது என்ன வெடி?"

நதீரா. அவன் பொத்தானை அமத்தினான். சத்தியம் பண்ணத் தோன்றவில்லை. கண்ணாடிக்கு வெளியே தெரிந்ததைச் சொல்லத் தொடங்கினான்.

"வெடி இல்ல புள்ள. ஐஸ் ஒடஞ்சி விழுகுது. மலையில இருந்து ஐஸ் இறங்கி வருது, ஆறு மாதிரி. அதத்தான் நான் பனியாறு எண்டு சொன்ன நான். மாஸ்டர் சொல்லித்தந்த சொல்லு. கலியாணமும் இல்ல, ஐசாவும் இல்ல. ஐஸ் மட்டும்தான். ஆனா புள்ள, இத நீ பாக்கணும். நாம பெட்டியில போட்டு எடுக்கிற ஐஸ் நடுவுல வெள்ளயாக் கிடக்கும், என்ன? அது காத்து. இதுல காத்தே இல்ல. நீலமாக் கிடக்கு. கம்பிரசர் இல்ல, அமோனியா இல்ல, கரண்டு இல்ல. உப்புத் தண்ணித் தாங்கிகூட இல்ல. சும்மா மழை மாதிரி விழுந்து, ஒண்டுக்கு மேல ஒண்டு அமந்து, தானா இறுகி வருதாம். எத்தன லொறிக்கு வரும் எண்டு கணக்குப் பாத்தன், கணக்கு நிக்குதில்ல. எங்கட இயந்திரம் ஒரு கட்டி போட ஒரு நாள் எடுக்கும். அந்த வால்வ மாத்தினா கொஞ்சம் குறைக்கலாம், அதப்பத்தி நான் ஒனக்கு முந்தியும் சொன்ன நான்."

மூச்சு வாங்குவதற்காக நிறுத்தினான். விரலை எடுத்தான்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவள் அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உம்மா," என்று அவள் திரும்பிச் சொல்வது கேட்டது. "இவரு கலியாணமும் முடிக்கல்ல, ஒண்டும் முடிக்கல்ல. மாப்புளக் கோலத்தில நிக்கிற ஒருத்தன் வால்வப் பத்திக் கதைப்பானா?"

கடைக்குள் பெரிய சிரிப்பு. கச்சிமுகம்மது முதலாளி எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக் கத்தினார். ஒருவரும் போன மாதிரித் தெரியவில்லை.

"புள்ள," என்றான் அவன். "நீ நம்பிட்டியா, அந்தப் பணியாரத்த?"

"நம்பின நான்." சிரிப்பு நின்றுவிட்டது. "மூணு நாளா அழுது முடிச்சன். மறுகா யோசிச்சன். அது குளிர் நாட்டுப் புள்ள, நம்மட வெக்கையில கிடந்து வேகும். நடு அறைக்குள்ளதான் கொஞ்சம் காத்து வரும். அதால எங்கட கட்டிலத் தொடச்சி, புது விரிப்புப் போட்டு, அந்த அறைய அவளுக்கு எண்டு கூட்டி வெச்சன்."

அவன் பொத்தானை அமத்தினான். "நீ எங்க படுக்க நெனச்ச?"

"உம்மாவோட."

"நான்?"

"ஒங்களப் பத்தி ஒண்டும் யோசிக்கல்ல. அந்தப் புள்ள பாவம் எண்டுதான் நெனச்சன்."

சீனிமுகம்மது அதற்குப் பதில் சொல்லப் பொத்தானை அமத்தினான். ஆறு வருடத்தில் அவளுக்கு அவன் சொல்லாமல் விட்டது எல்லாம் ஒன்றாக நெஞ்சுக்குள் வந்து நின்றது. முகத்தைக் கம்பளித் தொப்பிக்குள் புதைத்துக்கொண்டு, காரைதீவுக்காரரும் வெள்ளைக்காரரும் நிற்கிறார்களே என்ற வெட்கமும் இல்லாமல், விம்மி விம்மி அழுதான். இங்கர் கண்ணைத் துடைத்தாள். சிவக்கொழுந்து திரும்பி நின்று பனியாற்றைப் பார்க்கிறவர் மாதிரி மூக்கைச் சிந்தினார். படகு எப்போதோ திரும்பிவிட்டிருந்தது, பனியாறு மலைக்குப் பின்னால் போய்விட்டதை அவரும் கவனிக்கவில்லை.

பொத்தானில் இருந்த விரலை எடுக்க அவன் மறந்துபோனான். அதனால் அந்த நேரத்தில் நதீரா சொன்ன ஒரு சொல்லும் அவனுக்குக் கேட்கவில்லை. அவன் அழுதது முழுவதையும் இரும்புக் கடையில் நின்ற அவ்வளவு பேரும் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டு நின்றார்கள், மாமி உட்பட.